501 என்பவர் யார்? பல யூனிக்ஸ்களுக்கு ஒரே நுழைவுக் கணக்கு: பாயான் லெப்பாஸ் நிகழ்வு ஆய்வு

நிலவரம்

பினாங்கின் பாயான் லெப்பாஸில், தொழிற்பேட்டையை ஒட்டிய கடைவீட்டு வரிசையின் மேல்மாடிகளில் இயங்கும் சிறிய சில்லு வடிவமைப்பு அலுவலகம் அது. ஏறக்குறைய முப்பது பேர். 1972இல் இங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் வந்ததிலிருந்து பெரிய ஆலைகளைச் சுற்றி இப்படிப்பட்ட சிறு அலுவலகங்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. பெரியவர்கள் வெளியே கொடுக்கும் வடிவமைப்பு, சோதனை வேலைகளை எடுத்துச் செய்து பிழைப்பவை. பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கும் நடக்கக்கூடிய விஷயம்தான்.

கணினிகளைப் பார்த்தால், யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளக் குடும்பத்தின் அருங்காட்சியகம். கணக்குப் போடும் லினக்ஸ் பெட்டிகளில் பாதி சென்ட்ஓஎஸ் 7, புதிதாக வாங்கியவை ராக்கி லினக்ஸ் 9. கோப்பு சர்வர் ஃப்ரீபிஎஸ்டி 13, அதன் அடியில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. ஆவணம் எழுதுபவர்களும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் மேக்புக் வைத்திருந்தார்கள். வாசலில் தீச்சுவராக ஒரு ஓப்பன்பிஎஸ்டி. மூலையில், யாரும் அணைக்கத் துணியாத ஒரு சன் ஸ்பார்க் பெட்டி, சோலாரிஸ் 10இன் ஆரம்பகால வெளியீட்டோடு. இவை எல்லாவற்றுக்கும் பயனர் கணக்கு கொடுத்துக்கொண்டிருந்தது சென்ட்ஓஎஸ் 6இல் ஓடிய ஒரு என்ஐஎஸ் சர்வர். சென்ட்ஓஎஸ் 6க்கு ஆதரவு 2020 நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

என்ஐஎஸ் என்பது 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு. கடவுச்சொல் கோப்பு, குழுக் கோப்பு போன்றவற்றை ஒரு சர்வரில் வைத்து, வலையமைப்பில் கேட்கும் பெட்டிகளுக்கெல்லாம் படித்துக் காட்டும். எளிமையானது, அந்தக் காலத்தில் அலுவலக வலையமைப்பில் இருப்பவர்கள் எல்லாரும் நம் ஆட்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. ரெட் ஹேட் தன் 9ஆம் பதிப்பிலிருந்து என்ஐஎஸ் தொகுப்புகளை எடுத்தே விட்டது. ஆகவே ராக்கி 9 பெட்டிகள் வந்தபோது அவற்றை என்ஐஎஸ்ஸில் சேர்க்க வழியில்லை. அங்கே சிஸ்டம்ஸைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, கைக்கு எட்டிய வழியாக, இரவுதோறும் கடவுச்சொல் கோப்பை அந்தப் பெட்டிகளுக்கு நகலெடுக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் என்ஐஎஸ்ஸில் அன்றே மூடிவிடலாம். புதிய பெட்டிகளில் மறுநாள் காலை வரை அவர் உயிரோடு இருப்பார்.

என்னைக் கூப்பிட்டது அதற்காக அல்ல.

பயிற்சி மாணவரின் மேக்புக்

பயிற்சிக்கு வந்த பையன் ஒருநாள் மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் வந்திருக்கிறான்.

“அக்கா, இதெல்லாம் நான் பாக்கலாமா?”

திரையில் மேலாளரின் தனிக் கோப்புறை. ஊழியர்களின் வருடாந்திர மதிப்பீடு, வாடிக்கையாளருக்கு அனுப்பாத விலைப்பட்டியல், எல்லாம் திறந்து கிடந்தன.

“என்னா தம்பி பண்ண?”

“ஒன்னுமே பண்ணலக்கா. சர்வர் மவுன்ட் ஆவல. நெட்ல தேடிப் பாத்தேன், சூடோ போட்டு ரிசர்வ் போர்ட்னு ஒரு ஆப்ஷன் சேக்கச் சொன்னாங்க. சேத்தேன், வந்துருச்சு.”

பையன் சொன்னது முழு உண்மை. அவன் எதையும் உடைக்கவில்லை. கடவுச்சொல் எதையும் ஊகிக்கவில்லை. நடந்தது இதுதான். மேக்ஓஎஸ்ஸில் முதலில் உருவாகும் பயனருக்கு யுஐடி, அதாவது பயனர் எண், 501. உலகத்தில் உள்ள எல்லா மேக்கிலும் அப்படித்தான். பழைய ரெட் ஹேட் வகை லினக்ஸில் பயனர் எண்கள் 500இல் தொடங்கும்; 7ஆம் பதிப்பில்தான் அது 1000 ஆனது. இந்த அலுவலகத்தின் என்ஐஎஸ் சர்வரில் முதல் கணக்கு அமைத்துக் கொடுத்தவருடையது, 500. இரண்டாவது கணக்கு மேலாளருடையது.

கோப்பு சர்வர், வலையமைப்பில் கோப்பைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாகக் கோப்புகளைக் கொடுத்தது, வழக்கமான சிஸ் முறையில். அந்த முறையில் ‘நான் இன்ன எண்’ என்று கேட்கும் பெட்டிதான் சொல்கிறது; சர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. தொழிற்சாலை வாசலில் காவலர் கொட்டகையில் நோட்டு இருக்கும். வருபவரே தன் பெயரை எழுதிவிட்டு உள்ளே போவார். அதே கதை. 1024க்குக் கீழான போர்ட்டிலிருந்து வந்தால்தான் ஏற்பேன் என்று ஃப்ரீபிஎஸ்டி ஒரு சின்ன நிபந்தனை வைக்கும். ரூட், அதாவது இயந்திரத்தின் முழு அதிகாரம், உள்ளவர் மட்டுமே அந்தப் போர்ட்டைத் திறக்க முடியும், ரூட் என்றால் நம் நிர்வாகி என்ற பழைய நம்பிக்கையில் எழுந்த நிபந்தனை அது. தன் மேக்கில் ஒவ்வொருவரும் ரூட். யாருக்குக் கோப்புகளைக் கொடுக்கலாம் என்று சொல்லும் எக்ஸ்போர்ட் கோப்பில் தனித்தனிப் பெட்டிகளைக் குறிப்பிடாமல் அலுவலகத்தின் முழு சப்நெட்டையும் (வலையமைப்பு முகவரித் தொகுதி) போட்டிருந்தார்கள். ஆக எல்லா மேக்கும் 501, எல்லா 501உம் மேலாளர்.

இதில் வேடிக்கையான ஒரு கிளைக்கதையும் உண்டு. மேக் பயனர்களின் முதன்மைக் குழு எண் 20, அங்கே அதற்குப் பெயர் ஸ்டாஃப். ஃப்ரீபிஎஸ்டியிலும் 20 ஸ்டாஃப்தான். டெபியனில் அதே 20 டயல்அவுட் குழு. ராக்கியில் 20 என்பது கேம்ஸ். மேக்கில் எழுதிய விலைப்பட்டியல்களெல்லாம் லினக்ஸில் விளையாட்டுக் குழுவின் சொத்தாகத் தெரிந்துகொண்டிருந்தன. பல மாதம் பலர் பார்த்திருக்கிறார்கள், யாருக்கும் உறுத்தவில்லை.

எட்டு எழுத்து

மேலாளர் முதலில் கேட்ட கேள்வி, “பாஸ்வேர்டை யாராவது திருடிட்டாங்களா?” என்பது. திருடத் தேவையே இருக்கவில்லை என்று காட்ட, ஒரு சாதாரணப் பயனராக நுழைந்து ஒய்பிகேட் கட்டளையால் கடவுச்சொல் வரைபடத்தை அச்சிட்டேன். அத்தனை பேருடைய ஹாஷும், அதாவது கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமித்த வடிவமும், வரிசையாக வந்து நின்றது. என்ஐஎஸ் அதை யார் கேட்டாலும் கொடுக்கும். கம்பியில் மறையாக்கமும் கிடையாது.

ஹாஷ்களின் நீளத்தைப் பார்த்ததும்தான் எனக்கே வயிற்றைக் கலக்கியது. பதின்மூன்று எழுத்து. பழைய டெஸ் வகை கிரிப்ட். 1970களில் யூனிக்ஸுக்காக எழுதப்பட்டது. கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும், ஹாஷில் கலக்கும் தற்செயல் எண்ணான சால்ட் வெறும் 12 பிட், அதாவது 4,096 வகை. அக்காவின் கடவுச்சொல் இருபது எழுத்துக்கு மேல். முதல் எட்டை மட்டும் அடித்துப் பாருங்கள் என்றேன். உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏன் இவ்வளவு பழையது? சென்ட்ஓஎஸ் 6 இயல்பாகவே எஸ்எச்ஏ-512 வகை ஹாஷ் போடும். யாரோ வேண்டுமென்றே இறக்கி வைத்திருக்கிறார்கள். காரணம் மூலையில் நின்ற சோலாரிஸ். அதன் ஆரம்பகால வெளியீட்டுக்கு எஸ்எச்ஏ-512 புரியாது, ஆகவே எல்லாருக்கும் புரிவதாக டெஸ்ஸைப் போட்டுவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், அந்தப் பெட்டிக்கே எம்டி5 வகையும் ப்ளோஃபிஷ் வகையும் நன்றாகப் புரியும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஓர் இயந்திரத்துக்காக முப்பது பேரின் பூட்டையும் கழற்றிவைத்து, அந்த இயந்திரத்துக்கு அது தேவையா என்றுகூடக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

கலப்பு யூனிக்ஸ் அலுவலகங்களில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது இதைத்தான். எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான முறை வேண்டும் என்று தொடங்குவார்கள். கடைசியில் கூட்டத்தில் மிகப் பழைய இயந்திரம்தான் சட்டம் போடும். இந்த வேலையில் என் முதல் நிபந்தனை அதை மறுப்பது. பழைய இயந்திரத்துக்குத் தனி வழி செய்து கொடுக்கலாம். மற்றவற்றை அதன் மட்டத்துக்கு இறக்கக் கூடாது.

இரண்டு கேள்வி, இரண்டு பதில்

நுழைவுக் கணக்கு என்று நாம் சேர்த்துச் சொல்வதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இவர் யார், இவருடைய எண் என்ன, எந்தக் குழுக்கள், வீட்டு அடைவு எங்கே? இது முதல் கேள்வி. இவர் உண்மையிலேயே அவர்தானா? இது இரண்டாவது. என்ஐஎஸ் இரண்டையும் ஒரே வரியில் கலந்து எல்லாருக்கும் படித்துக் காட்டியது. பிரித்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

முதல் கேள்விக்கு எல்டாப், பயனர் விவரங்களை ஒரு மைய டைரக்டரியில் வைத்து வலையமைப்பில் கேட்கும் முறை. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2307 என்ற இணைய நெறிமுறை ஆவணம், யூனிக்ஸ் கணக்கின் யுஐடி, ஜிஐடி (குழு எண்), வீட்டு அடைவு, ஷெல் (கட்டளை வாங்கும் நிரல்) ஆகியவற்றை எல்டாப் டைரக்டரியில் எப்படி எழுதுவது என்று வகுத்துக் கொடுத்தது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் எல்லாம் அந்த வடிவத்தைப் படிக்கும். இரண்டாவது கேள்விக்குக் கெர்பரோஸ். எம்ஐடியின் அதீனா திட்டத்தில் பிறந்தது; இன்று எல்லாரும் பேசும் 5ஆம் பதிப்பு 1993இல் ஆர்எஃப்சி ஆனது, 2005இல் திருத்தப்பட்டது. கடவுச்சொல் கம்பியில் போகாது. அதற்குப் பதில் காலாவதி உள்ள டிக்கெட்டுகள் போகும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் ஃப்ரீஐபிஏவை ராக்கி 9இல் இரண்டு சர்வர்களாக நிறுவினோம், வேறு வேறு அறைகளில். ஒன்று படுத்தால் மொத்த அலுவலகமும் படுக்கக் கூடாது.

எல்டாப் மட்டும் போதாதா என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி, பல இடங்களில் போதும். டிஎல்எஸ் என்ற மறையாக்கம் போட்டு, எல்டாப் சர்வரிடமே கடவுச்சொல்லைச் சரிபார்க்கலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஒவ்வொரு பெட்டியும் நம் கடவுச்சொல்லை வெறுமையாகப் பார்க்கும். ஒரு பெட்டி கெட்டுப்போனால் அதில் நுழைந்த எல்லாருடைய கடவுச்சொல்லும் போச்சு. அதைவிட முக்கியம், 501 சிக்கல் எல்டாப்பால் தீராது. என்எஃப்எஸ் சர்வர், எதிர்ப்பெட்டி சொல்லும் எண்ணை நம்பாமல் வேறெதையாவது நம்ப வேண்டும். அந்த வேறெது கெர்பரோஸ் டிக்கெட்.

எண்கள்

ஃப்ரீஐபிஏ நிறுவும்போது பயனர் எண்களுக்கு 2,00,000 எண் கொண்ட ஒரு வரம்பைத் தானாகவே, தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் கோடிக்கணக்கில் ஓர் எண்ணில் தொடங்கும். இரு நிறுவனங்கள் பிற்காலத்தில் இணைந்தால் எண்கள் மோதாமல் இருக்க அது நல்லது. நமக்கு ஆகாது. கோப்புகளை ஒன்றாகக் கட்டும் பழைய டார் வடிவத்தில் பயனர் எண்ணுக்கு ஏழு எண்ம இலக்கம்தான் இடம், அதாவது 20,97,151 வரை. சோலாரிஸ் பெட்டியின் சோதனைப் பதிவுகள் எல்லாம் டார் கோப்புகளாகத்தான் வாடிக்கையாளருக்குப் போகின்றன.

அப்படியானால் எங்கே தொடங்குவது? 1000க்குக் கீழே ஒவ்வொரு இயங்குதளமும் தன் சொந்தக் கணக்குகளை வைத்திருக்கிறது. 60001 சோலாரிஸில் ‘நோபடி’. லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் நோபடி 65534. ஒரு லட்சத்திலிருந்து மேலே லினக்ஸ் கண்டெய்னர்களுக்கு என்று துணை எண்களை ஒதுக்குகிறது. எல்லாருக்கும் காலியாகக் கிடந்த வெளி என்று 20,000 முதல் 29,999 வரை எடுத்துக்கொண்டோம். பழைய எண்கள் எதனோடும் மோதாததால், மாற்றும்போது ஒருவரின் கோப்பு இடைவழியில் இன்னொருவருக்குப் போகும் ஆபத்தும் இல்லை.

மாற்றும் வேலையை வாடிக்கையான ஃபைண்ட், சௌன் கட்டளைகளே செய்துவிடும். கவனிக்க வேண்டியவை ஓரங்களில் இருந்தன. குறியீட்டு இணைப்புகளைத் தொடர்ந்து போகாமல் இணைப்பையே மாற்றும்படி சொல்ல வேண்டும். உரிமையாளரை மாற்றினால், நிரலை உரிமையாளரின் அதிகாரத்தில் ஓட்டும் செட்யுஐடி குறி விழுந்துவிடும். இசட்எஃப்எஸ்ஸின் அனுமதிப் பட்டியல்களுக்குள்ளும் எண்கள் ஒளிந்திருக்கின்றன. சௌன் அவற்றைத் தொடாது. ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது ஒரு கணத்தில் உறைய வைத்த நகல்களை, மாற்றவே முடியாது. ஆறு மாதத்துக்கு முந்திய ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு கோப்பை மீட்டால் அது பழைய 501 என்ற எண்ணோடுதான் எழுந்து வரும். அதனால் பழைய எண்களை யாருக்கும் மறுபடி கொடுப்பதில்லை என்று எழுதி வைத்தோம்.

ஷெல் ஒரு சின்ன எரிச்சல். லினக்ஸில் பேஷ் இருக்கும் பாதை ஒன்று. ஃப்ரீபிஎஸ்டியில் அது லோக்கல் அடைவுக்குள் இருக்கும். டைரக்டரியில் ஒன்றைத்தான் எழுத முடியும். ஃப்ரீபிஎஸ்டியில் நாங்கள் நிறுவிய என்எஸ்எல்சிடி சேவை, டைரக்டரி சொல்லும் ஷெல்லை உள்ளூரில் வேறாக மாற்றிக் காட்டும். அதோடு முடிந்தது.

ஃப்ரீபிஎஸ்டி

ராக்கி பெட்டிகள் சொன்னபடி கேட்டன. ஐபிஏ கிளையன்ட் நிறுவியதும் எஸ்எஸ்எஸ்டி என்ற உள்ளூர்ச் சேவை தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. டைரக்டரி கிடைக்காத நேரத்திலும் முன்பு நுழைந்தவரைத் தற்காலிகமாக நினைவில் வைத்து அனுமதிக்கும். சென்ட்ஓஎஸ் 7க்கும் அப்படியே. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு முழு நாள் போனது. நுழைவது வேலை செய்தது, டிக்கெட் கிடைத்தது, என்எஃப்எஸ்ஸை கெர்பரோஸ் பாதுகாப்போடு மவுன்ட் செய்தால் மட்டும் அனுமதி மறுப்பு. பதிவேட்டில் உருப்படியான செய்தி எதுவும் இல்லை. காரணம், ஃப்ரீபிஎஸ்டி 13இன் அடிப்படையில் இருக்கும் கெர்பரோஸ் ஹைம்டாலின் பழைய 1.5 வரிசை. ஸ்வீடனில், அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், எம்ஐடி நிரல் வெளிநாட்டுக்குக் கிடைக்காதபோது தனியாக எழுதப்பட்டது ஹைம்டால். 2016இல் ஆர்எஃப்சி 8009 கொண்டுவந்த, எஸ்எச்ஏ-2ஐப் பயன்படுத்தும் புதிய ஏஇஎஸ் மறையாக்க வகைகள் இந்தப் பழைய வரிசைக்குத் தெரியாது. நாங்கள் என்எஃப்எஸ் சேவைக்கு எடுத்த கீடேப்பில் (கெர்பரோஸ் சாவிகள் உள்ள கோப்பு) புதிய வகைச் சாவிகளும் இருந்தன. சாவி இருப்பதைப் பார்த்த ஐபிஏ சர்வர் டிக்கெட்டைப் புதிய வகையில் மூடிக் கொடுத்தது; ஃப்ரீபிஎஸ்டியால் அதைத் திறக்க முடியவில்லை.

முழு ஐபிஏவிலும் புதிய வகைகளை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் தீரும். பழைய குருடி கதவைத் திறடி என்று அதே பழைய பாதைக்குப் போவதுதான் அது. ஒரே ஒரு சேவையின் கீடேப்பை மட்டும் எஸ்எச்ஏ-1 அடிப்படையிலான ஏஇஎஸ்-256 வகையில் எடுத்தோம். மற்றவர்கள் புதியதிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று: என்எஃப்எஸ் 4ஆம் பதிப்பு உரிமையாளரை எண்ணாக அனுப்பாமல் பெயரும் டொமைனுமாக அனுப்பக்கூடியது. இரு பக்கத்திலும் டொமைன் ஒரே மாதிரி எழுதப்படாவிட்டால் எல்லாக் கோப்பும் நோபடியின் சொத்தாகத் தெரியும். லினக்ஸில் ஐடிமேப் கோப்பிலும், ஃப்ரீபிஎஸ்டியில் என்எஃப்எஸ்யூசர்டி சேவைக்கும் அதைக் கொடுக்க வேண்டும்.

அங்கிளின் பெட்டி

சோலாரிஸ் பெட்டியைக் காத்து நின்றவர் சோதனைப் பிரிவின் மூத்த பொறியாளர். எல்லாருக்கும் அங்கிள். பினாங்கின் சோதனைக் கூடங்களில் சன் பணிநிலையங்கள் கோலோச்சிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர்.

“தம்பி, நீ எல்லாத்தையும் மாத்து. அந்த மெஷின மட்டும் தொடாத லா. அதுல ஓடுற ப்ரோகிராம எழுதுன ஆளே இப்ப இல்ல.”

“தொட மாட்டேன் அங்கிள். பாஸ்வேர்டை மட்டும் அதுகிட்டேர்ந்து வாங்கிக்கிறேன்.”

அப்படியே செய்தோம். அந்த வெளியீட்டின் எல்டாப் கிளையன்ட்டுக்கு டிஎல்எஸ் 1.2 பேசத் தெரியாது. ஆகவே எல்டாப்பே வேண்டாம் என்று முடிவு. அங்கே நுழைய வேண்டியவர்கள் நான்கைந்து பேர்தான். அவர்களுடைய பெயரையும் எண்ணையும் டைரக்டரியிலிருந்து எடுத்து உள்ளூர் கடவுச்சொல் கோப்பில் எழுதினோம். கடவுச்சொல் இடத்தில் ‘என்பி’ என்ற குறி. அதற்குப் பொருள் இந்தக் கணக்குக்கு இங்கே கடவுச்சொல் இல்லை என்பது. ‘எல்கே’ என்று நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே போட்டால் கணக்கே பூட்டப்பட்டதாகி, கெர்பரோஸ் சரி என்று சொன்னாலும் சோலாரிஸ் உள்ளே விடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு.

சரிபார்க்கும் வேலையைக் கெர்பரோஸிடம் விட்டோம். அந்தப் பெட்டிக்கு ஏஇஎஸ்-128 தெரியும். அதன் கீடேப்பும் அந்த வகையில் மட்டும். நுழைபவரைச் சரிபார்க்கும் முறையை இப்படி மாற்றிக்கொள்ள விடும் அடுக்கு பேம் தான். 1990களின் நடுவில் சன்னிலேயே பிறந்தது. இப்போது லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் எல்லாவற்றிலும் அதன் வாரிசுகள் இருக்கின்றன. பெட்டியைத் தனி விலானில் (பிரித்துவைத்த உள் வலையமைப்பு) வைத்து, ஒரே ஓர் இடைப்பெட்டி வழியாக மட்டும் அணுகும்படி செய்தோம். அதன் எஸ்எஸ்எச் (வலையமைப்பு வழியாக மறையாக்கத்தோடு நுழையும் சேவை) பேசும் பழைய கையெழுத்து முறைகளை ஓப்பன்எஸ்எஸ்எச் 2021இல், 8.8ஆம் பதிப்பிலேயே, இயல்பில் நிறுத்திவிட்டது. விதிவிலக்கை அந்த இடைப்பெட்டியில், இந்த ஒரே முகவரிக்கு மட்டும் எழுதினோம்.

ஆனாலும் டிக்கெட் கிடைக்கவில்லை. “க்ளாக் ஸ்க்யூ டூ கிரேட்” என்றது. கெர்பரோஸில் இரு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே இயல்பாக 5 நிமிட வித்தியாசம்தான் அனுமதி. அங்கிள் தன் கைக்கடிகாரத்தைத் திரையோடு வைத்துப் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு.”

இருந்தது. ஆனால் பெட்டியின் நேர மண்டலம் ஜிஎம்டி. நிறுவியவர் மண்டலத்தை அமைக்காமல், திரையில் தெரியும் மணியைக் கையால் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார். கெர்பரோஸ் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. அந்தக் கணக்கில் பெட்டி எட்டு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தீபகற்ப மலேசியா ஏழரை மணியிலிருந்து எட்டுக்கு மாறியது 1982 ஜனவரி 1இல். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்ததாகவும் எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி தள்ளி வைத்தது நினைவிருப்பதாகவும் அங்கிள் சொன்னார்.

திருத்துவது ஒரு வரி. விளைவுதான் பெரிது. காலை பத்து மணிக்கு எழுதிய பழைய சோதனைப் பதிவுகள் எல்லாம் திருத்தத்துக்குப் பிறகு மாலை ஆறு மணிக்கு எழுதியதாகத் தெரியும். வாடிக்கையாளர் தணிக்கைக்கு வந்தால் கேள்வி எழும். அதனால் திருத்திய தேதியையும் நேரத்தையும் குறித்து, அதற்கு முந்திய கோப்புகளுக்கு எட்டு மணி கழித்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பைப் பதிவு அடைவிலேயே வைத்தோம். இதை அங்கிளே எழுதினார், என்னைவிடத் தெளிவாக.

ஓப்பன்பிஎஸ்டி தீச்சுவரை எதிலும் சேர்க்கவில்லை. அதில் பேமும் கிடையாது, கெர்பரோஸை 2014இலேயே அடிப்படையிலிருந்து எடுத்துவிட்டார்கள். டைரக்டரி விழுந்த நாளில் நுழைந்து சரிசெய்ய வேண்டிய பெட்டி டைரக்டரியை நம்பி இருக்கக் கூடாது. இரண்டு பேர், உள்ளூர்க் கணக்கு, எஸ்எஸ்எச் சாவி.

மேக்குகளையும் டைரக்டரியில் கட்டவில்லை. அவை வீட்டுக்குப் போகும், காபிக் கடைக்குப் போகும். உள்ளூர்க் கணக்கு அப்படியே 501ஆக இருந்துவிட்டுப் போகட்டும். மேக்கிலேயே இருக்கும் கெர்பரோஸால் டிக்கெட் வாங்கி, எஸ்எஸ்எச்சிலோ எஸ்எஃப்டிபியிலோ லினக்ஸ் வாசலுக்கு வந்தால் அங்கே அவர் யார் என்பதை டிக்கெட் சொல்லும். என்எஃப்எஸ் மவுன்ட் போய்விட்டது என்று முணுமுணுப்பு இருந்தது. இருக்கட்டும்.

மாறிய வாரம்

சீனப் புத்தாண்டு விடுமுறையில் மாற்றினோம். பினாங்கில் அந்த வாரத்தைவிட அமைதியான அலுவலக வாரம் கிடையாது. பழைய ஹாஷ்களை ஃப்ரீஐபிஏவுக்கு எடுத்துச் செல்ல வழி இருக்கிறது: இடமாற்று நிலையில் வைத்தால், ஒருவர் முதன்முறை பழைய கடவுச்சொல்லோடு வரும்போது அதைப் பழைய ஹாஷோடு ஒப்பிட்டு, சரியென்றால் அந்தக் கணமே கெர்பரோஸ் சாவியை உருவாக்கிக்கொள்ளும். ஹாஷிலிருந்து நேரடியாகச் சாவி செய்ய முடியாது, மூலக் கடவுச்சொல் வேண்டும் என்பதால் இந்தச் சுற்றுவழி. நாங்கள் அதை வேண்டாம் என்று விட்டோம். யார் கேட்டாலும் கொடுக்கப்பட்டுவந்த, எட்டு எழுத்தை மட்டும் பார்த்த கடவுச்சொற்கள் அவை. முப்பது பேர்தான். விடுமுறை முடிந்து வந்ததும் அக்கா ஒவ்வொருவரையும் நேரில் கூப்பிட்டு, தற்காலிகக் கடவுச்சொல்லைத் தாளில் கொடுத்தார். நிர்வாகி வைக்கும் கடவுச்சொல் ஃப்ரீஐபிஏவில் அப்போதே காலாவதியாகிவிடும். முதல் நுழைவிலேயே மாற்றியாக வேண்டும்.

மேலாளர் எட்டு எழுத்தில் முடித்துக்கொள்ளப் பார்த்தார். கொள்கை விடவில்லை.

இரவு வேலைகள்

நான் எதிர்பார்த்த இடத்தில்தான் வலித்தது, எதிர்பார்த்ததைவிட அதிகமாக. வீட்டு அடைவுகள் இப்போது மறையாக்கத்தோடு கூடிய கெர்பரோஸ் என்எஃப்எஸ்ஸில். டிக்கெட் இருந்தால்தான் வீடு திறக்கும். ஆளே ரூட்டாக மாறினாலும் திறக்காது. அதுதான் நோக்கம். ஆனால் வடிவமைப்பாளர்கள் வெள்ளி மாலை ஒரு சிமுலேஷனை ஓடவிட்டு, திங்கள் காலை வந்து பார்ப்பவர்கள். ஃப்ரீஐபிஏவின் இயல்பு டிக்கெட் ஆயுள் 24 மணி நேரம். சனிக்கிழமை மாலை டிக்கெட் செத்தது; வேலையும் எழுத இடமில்லாமல் செத்தது.

டிக்கெட்டை ஏழு நாள் வரை புதுப்பிக்கலாம். அமைத்துக் கொடுத்தால் எஸ்எஸ்எஸ்டி அதைத் தானாகவே செய்யும், தான் வாங்கிய டிக்கெட்டாக இருந்தால் மட்டும். மேக்கிலிருந்து டிக்கெட்டோடு எஸ்எஸ்எச்சில் வந்தவருடையது கூடவே வந்த டிக்கெட்; எஸ்எஸ்எஸ்டி அதைத் தொடாது. ஒரே பெட்டியில் ஒருவரின் வேலை பிழைத்து, பக்கத்திலிருப்பவரின் வேலை செத்ததற்கு இதுதான் காரணம். கண்டுபிடிக்கும்வரை ஆளுக்கொரு சாபம் கொடுத்தார்கள்.

அடுத்தது எஸ்எஸ்எச் சாவி. சாவியால் நுழைபவரின் பொதுச்சாவி வீட்டு அடைவுக்குள் இருக்கிறது. எஸ்எஸ்எச் சேவை அதைப் படிக்க வேண்டும். படிக்க டிக்கெட் வேண்டும். டிக்கெட் நுழைந்த பிறகுதான் வரும். பொதுச்சாவியை டைரக்டரியில் வைத்து அங்கிருந்து படிக்கலாம், ஃப்ரீஐபிஏவில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் சாவியால் நுழைந்தவருக்கு டிக்கெட் பிறக்காது. உள்ளே வந்து, பூட்டிய வீட்டின் முன் நிற்பார். சாவியை விட்டுவிட்டு டிக்கெட்டோடு வாருங்கள் என்று சொல்லிப் பழக்க வேண்டியிருந்தது.

நீண்ட வேலைகளுக்குக் கடைசியில் ஒத்துவந்தது இது. சிமுலேஷனை ஆட்களின் பெயரில் ஓட்டுவதில்லை. வரிசை மேலாண்மை நிரலுக்கு ஒரு சேவைக் கணக்கு, அதற்கு ஒரு கீடேப். ஜிஎஸ்எஸ்ப்ராக்ஸி என்ற சேவை அதிலிருந்து தேவைப்படும்போது டிக்கெட் எடுத்துக்கொள்கிறது. முடிவுகள் திட்டவாரியான பொது அடைவில் விழுகின்றன. தற்காலிகக் குப்பைக்கான இடம் மட்டும் இன்னும் பழைய சிஸ் முறை என்எஃப்எஸ். மறையாக்கத்தின் சுமையை அந்த அளவு எழுத்து தாங்காது. அந்த எக்ஸ்போர்ட் கணக்குப் பெட்டிகளின் விலானில் உள்ள முகவரிகளுக்கு மட்டும், வடிவமைப்பாளர் யாருக்கும் அங்கே ரூட் இல்லை, ரகசியம் எதையும் அங்கே வைக்கக் கூடாது என்ற விதியோடு. சிஸ் முறைக்குப் பதினாறு குழு என்ற வரம்பு உண்டு. சிலர் இருபது திட்டக் குழுக்களில் இருந்ததால் அங்கேயும் ஒரு நாள் தகராறு வந்து, குழுக்களைக் குறைத்தோம்.

மிச்சம்

கணக்குப் பெட்டி ஒன்றில் ரூட் பிடித்தவர், அந்த நேரத்தில் அங்கே நுழைந்திருப்பவர்களின் டிக்கெட்டுகளை எடுத்துப் பயன்படுத்த முடியும். கெர்பரோஸ் இதைத் தடுக்காது. டிக்கெட் காலாவதியாகும்வரை என்று சுருக்கத்தான் செய்யும். அதனால் அந்தப் பெட்டிகளின் ரூட் இப்போது இரண்டு பேரிடம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உள்ளூர்க் கடவுச்சொல், உறையில் போட்டு இரும்புப் பெட்டியில்.

சோலாரிஸில் உள்ள நான்கைந்து பெயர்களும் கையால் எழுதப்பட்டவை. யாராவது விலகினால் கெர்பரோஸில் மூடியதுமே அங்கும் நுழைய முடியாது. வெறும் பெயர் மட்டும் மிஞ்சும். அதை எடுத்துவிடும்படி அக்காவின் விலகல் பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

ஃப்ரீபிஎஸ்டி 15 தன் அடிப்படையிலேயே ஹைம்டாலை விட்டு எம்ஐடி கெர்பரோஸுக்கு மாறிவிட்டது. கோப்பு சர்வரை அதற்கு ஏற்றும்போது அந்த ஒற்றைக் கீடேப் விதிவிலக்கை எடுத்துவிட்டு, எல்லா வகைச் சாவியோடும் மறுபடி எடுத்து, முதலில் காலி எக்ஸ்போர்ட் ஒன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சேவை அமைப்புக் கோப்புகளும் பேம் வரிகளும் அதற்கேற்ப மாறும். அடுத்த சீனப் புத்தாண்டு வாரத்துக்கு அக்கா அதைக் குறித்து வைத்திருக்கிறார்.